டிராக் டயரோடு போன வண்டி

பெயர் சேக் மைதீன், வயது 47, தகப்பனார் பெயர் நயினார். குடியிருப்பு தென்காசி, மேலப் பள்ளிவாசல் தெரு. தொழில், குற்றாலம் ரோட்டில் சொந்தமாக டயர் கடை. 19.06.2025 வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, சார்பு ஆய்வாளர் திருமதி சண்முகப்பிரியா அவர்கள் முன்பு கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளுடன் குடியிருந்து வருகிறேன். பத்தொன்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். கடந்த 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தருவி ரோட்டில் குத்துக்கல்வலசையைச் சேர்ந்த மணிமுத்து, வயது 23, என்பவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த கடையநல்லூர் ஆதம் என்பவர் மேல் மோதியது. ஆதம் அவர்களுக்கு வலது மணிக்கட்டும், மணிமுத்துவுக்குத் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. அதன் பேரில் மணிமுத்து மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. அன்று சாயந்தரம் சார்பு ஆய்வாளர் என் கடைக்கு வந்து விசாரித்தபோது நான் சொன்ன ஒரு விஷயம் உண்மை அல்ல. அதை நடந்த வரிசைப்படி கீழே சொல்கிறேன். மணிமுத்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறியிருக்கிறார் என்பதும், நன்னடத்தை விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதும், இந்த வழக்கில் அவர் பெயர் நின்றால் வேலைக்கான உத்தரவு வராது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் அல்ல. வேறு கடையில் வாங்கிய டயரைக் கொண்டுவந்து உன் கடை டயர்தான் வெடித்துவிட்டது என்று சண்டை பிடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் என் கடையில் மாட்டுகிற ஒவ்வொரு டயரின் உள்பக்கமும் மஞ்சள் பெயின்டில் தேதி எழுதித்தான் மாட்டுவேன். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. மேலும் வேலை முடியாத வண்டியை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஆக்சிலேட்டர் பிடியில் சிவப்புத் துணி ஒன்று கட்டி வைப்பேன். அந்தத் துணியை நான் மட்டும்தான் அவிழ்க்க வேண்டும் என்பது கடையில் சட்டம். என்னிடம் எட்டு வருடமாக வேலை பார்க்கும் நாசர்கூட அதைத் தொட மாட்டார்.

குத்துக்கல்வலசை குமரகுரு என்பவர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். நானூறு சிசி வண்டி வைத்திருக்கிறார். வருடத்தில் நான்கு நாள் கோயம்புத்தூரில் டிராக் என்று சொல்லும் பந்தயத் தடத்தில் பணம் கட்டி ஓட்டுவார். போட்டி எதுவும் கிடையாது, ஆசைக்கு ஓட்டுவதுதான். இந்த வருடம் ஜனவரியில் டயர் மாற்ற வேண்டும் என்று வந்தார். நான் அவருக்கு ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான ஒரு டயரைக் காட்டினேன். அது நடுவில் கெட்டி ரப்பரும், வளைவில் சாய்க்கும்போது தரையைப் பிடிக்க ஓரங்களில் மெது ரப்பரும் உள்ளது. தண்ணீரை வெட்டித் தள்ளப் பள்ளங்களும் நிறைய உண்டு. டிராக் போகும் நாளில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, திரும்பும்போது மறுபடி ஏற்றிக்கொண்டால் போதும் என்றேன்.

அவர், "அது ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்லா அண்ணாச்சி? ரெண்டு வேலையும் பாக்குத டயரு ரெண்டையும் அரைகுறையாத்தான் பாக்கும்" என்றார். நான், "வருசத்துல நாலு நாளு டிராக்குல ஓட்டுதிய. மிச்ச நாளெல்லாம் புளியங்குடி எலுமிச்ச லாரிக்குப் பின்னாலதான போறிய? எந்த ரோட்டுல நெறைய போறமோ அதுக்குத்தான் டயரு வாங்கணும்" என்றேன். அவர் நெட்டில் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னார். கடைசியில் இரண்டு ஜோடி வாங்குவது என்று முடிவு செய்தார். ஒன்று ரோட்டுக்கு, மற்றொன்று டிராக்குக்கு. டிராக் போகும் முன் ஒரு தடவையும் வந்த பின் ஒரு தடவையும் என் கடையில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் என்றைக்காவது ஒரு நாள் தப்பான டயரோடு ரோட்டில் நிற்க நேரும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் அழுத்திச் சொல்லவில்லை. தென்காசியில் டிராக் டயர் போடுகிற கடை என்று நான்கு பேர் சொன்னால் எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டேன். மேற்படி டிராக் டயரில் பள்ளங்கள் பேருக்கு இரண்டு மூன்றுதான் இருக்கும். ரப்பர் நன்றாகச் சூடேறினால் பசை போலத் தரையைப் பிடிக்கும். சூடு ஏறாவிட்டால் பிடிக்காது. நம் ஊர் சாரலில் அது சூடேறுவதற்கு வழியே இல்லை.

அதன் பிறகு ஜூன் 12, 13 தேதிகளில் குமரகுரு கோயம்புத்தூர் போனார். போகும் முன் டிராக் டயரை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிப் போய், அதிலேயே ஏற்றி வந்து, 14ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேராக என் கடையில் இறக்கினார். டயரின் ஓரங்களில் அழிப்பான் தூள் போல ரப்பர் உருண்டு கிடந்தது. ரோட்டு டயர் ஜோடி அவர் வீட்டில் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், அதுவரை வண்டியை யாரும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நான் சிவப்புத் துணியைக் கட்டி, சாவியை மேசைக்கு மேல் ஆணியில் மாட்டினேன். கடைக்குள்ளே இடம் இல்லாததால் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல். அருவிக்கு வந்த கார்கள் ஊரெல்லாம் அடைத்து நின்றன. என் கடையில் மட்டும் பஞ்சர் கார்கள் ஆறு. பதினொன்றரை மணி சுமாருக்குப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, வாசலில் நிற்கும் வண்டிகளைப் பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அபராதம் போடுவேன் என்று சொல்லிப் போனார். இதை எழுத வேண்டுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார்கள். அவர் தன் வேலையைத்தான் பார்த்தார், அவர் மீது குறை இல்லை, ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கட்டும், எழுதுங்கள் என்றேன்.

அந்தச் சமயம் மணிமுத்து ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் குமரகுருவின் பக்கத்து வீட்டுக்காரர். வேலை முடிந்த வண்டியை இரண்டு மூன்று தடவை அவர் வந்து எடுத்துப் போனதுண்டு. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். "ஏலே மணிமுத்து, இங்கன வா. ஒங்க அண்ணன் வண்டிய எடுத்துட்டுப் போயி வீட்டுல விடு" என்று சொல்லி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புத் துணியையும் என் கையாலேயே அவிழ்த்தேன். அவர், "வேல முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் முடிந்தது என்றும் சொல்லவில்லை, முடியவில்லை என்றும் சொல்லவில்லை. "மொதல்ல எடுத்துட்டுப் போலே, ரோட்ட அடைச்சிக்கிட்டு நிக்குது" என்றேன். என்ன டயர் கிடக்கிறது என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பக்கத்து ஊர்தானே, மெதுவாகப் போய்விடுவான் என்று நினைத்தேன். டிராக் டயர், மெதுவாப் போ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு மணிக்கு விபத்து நடந்த செய்தி வந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னால் இவன் ஏன் ஐந்தருவிப் பக்கம் போனான், வண்டி கிடைத்ததும் ஊர் சுற்றப் போயிருக்கிறான் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்று கூட்டம் காரணமாக எல்லா வண்டிகளையும் அந்த வழியாகத்தான் சுற்றி அனுப்பினார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. சாயந்தரம் ஐந்து மணிக்குச் சார்பு ஆய்வாளர் கடைக்கு வந்து, வண்டி எப்படி மணிமுத்து கைக்குப் போனது என்று கேட்டார்கள். நான், சாவி ஆணியில் தொங்கியது, நான் கார் வேலையில் இருந்தேன், கேட்காமல் எடுத்துப் போய்விட்டான் என்று சொன்னேன். பயத்தில் வந்த பேச்சு. கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஒரு வாய்ப் பேச்சில் அந்தப் பையனைத் திருடனும் ஆக்கிவிட்டேன்.

அதன் பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மடியில் கனம் உள்ளவனுக்கு வழியெல்லாம் பயம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நாசர் தானாகவே வந்து, "அண்ணாச்சி, நான் ஒண்ணும் பாக்கல" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே, இவர் ஏன் சொல்கிறார் என்று சந்தேகம் வந்தது. சாயந்தரம் சீக்கிரம் போக வேண்டும் என்று அவர் கேட்டதும், நிலையத்துக்குத்தான் போகிறார் என்று முடிவு செய்து, அவர் வீடு வரை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவர் மகளுக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போனார்.

குமரகுரு போனில், "மணிமுத்து கேக்காம எடுக்குத ஆளு இல்லையே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் என்ன இருக்கிறது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். செவ்வாய்க்கிழமை எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் நம்பிராஜனிடம் போய், கடையில் ஏதோ சாமான் களவு போய்விட்டது, உங்கள் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என் சாமான் ஒன்றும் களவு போகவில்லை. நான் சாவி கொடுத்தது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். சீசனுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டு கேமராவை மறைத்துவிட்டது, இந்த மாதம் முழுக்க ஒன்றும் பதிவாகவில்லை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து டீ வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகு 18ஆம் தேதி புதன்கிழமை மாலை நான்கு மணி அளவில் மணிமுத்துவின் தாயார் ஆனந்தவள்ளி கடைக்கு வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். கையில் இருந்த பையைப் பார்த்து, உள்ளே போனை வைத்து நான் பேசுவதைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் எக்ஸ்ரேயும் இருந்தன. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்கள்.

"கேக்காம அடுத்தவங்க பொருளத் தொடுதவன் எங்க வீட்டுல பொறந்ததில்ல அண்ணாச்சி. இவன் என்னடான்னா, அவியதான் கூப்பிட்டுச் சாவியக் குடுத்தாவன்னு சாதிக்கான். மைதீன் அண்ணாச்சி பொய் சொல்லுத ஆளாலேன்னு கேட்டு, கட்டோட கெடக்கவன ஆஸ்பத்திரியில வச்சே கன்னத்துல அடிச்சிட்டேன். அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கேன். மனசுல வச்சுக்கிடாதிய."

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்கள் ஸ்கூட்டரை என் கடையில் விட்டிருந்தபோது சீட்டுக்கு அடியில் இருந்த நகைப் பொட்டலத்தை நான் அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அதைச் சொன்னார்கள். அதனால்தான் மகன் சொல்லை விட என் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நான் என் வேலையாளையே நம்பாமல் பின்னால் போனவன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "சரிக்கா, பாத்துப் போங்க" என்று மட்டும்தான் சொன்னேன். அவர்கள் சாரலில் குடை இல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்கள். ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எடுத்து வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன்.

வண்டியில் பிரேக் சரியாக இருந்தது, டயர் தேயவில்லை என்று சோதனையில் தெரிந்ததாக அறிகிறேன். இரண்டும் சரிதான். ஆனால் தேயாத டயர் எல்லாம் மழைக்கு ஆகும் டயர் அல்ல. அந்த டயரோடு நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் யார் ஓட்டினாலும் சறுக்கும், வேகம் வேண்டியதில்லை. டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் என் கையெழுத்தில் மஞ்சள் தேதி இருக்கும். மற்றபடி நான் கூப்பிட்டதற்கும், சாவி கொடுத்ததற்கும், துணியை அவிழ்த்ததற்கும் மணிமுத்துவையும் என்னையும் தவிர சாட்சி கிடையாது. நாசர் பார்க்கவில்லை என்கிறார், அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம். இப்படிச் சொன்னால் என் மேலும் வழக்கு வரும், தெரியுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார்கள். தெரியும் என்றேன்.

கேட்காமல் எடுத்துப் போனான் என்று 15ஆம் தேதி நான் சொன்னது பொய். இப்போது சொன்னவை அத்தனையும் நான் நேரில் செய்ததும் பார்த்ததும் ஆகும். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன், சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இதை முதலில் ஆனந்தவள்ளி அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நடந்தது மணிமுத்துவுக்குத் தெரியும். அவன் தாயாருக்குத்தான் தெரியாது.

(ஒப்பம்) ந. சேக் மைதீன்
19.06.2025

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்) சண்முகப்பிரியா, சார்பு ஆய்வாளர்