மாரியாயிக்கு வந்த கடிதம்

பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

பதுளையில் மழை விட்டபாடில்லை; தபால் பிந்தினால் மன்னிக்கவேண்டும். பிள்ளை செத்த அத்தியாயம் அவ்வளவு தத்ரூபமாக எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

தங்கள் பத்திரிகையில் தேயிலைத் தோட்டத்துக் கதை எழுதும் தர்மலிங்கம் ஆண் அல்ல. இங்கே ஜவுளிக்கடைக்காரரின் மனைவி வள்ளியம்மையாகிய நான்தான். பெண் பெயரில் அனுப்பியவற்றைத் தாங்கள் படிக்காமலே திருப்பியதால் இந்த ஏற்பாடு.

கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். பதில் கடை விலாசத்துக்கு வரும், வாசித்துக் காட்டுவேன். அவர்களில் ஒருத்தி மாரியாயி. மகள் அங்கம்மாவை முசிறியில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க வந்தவள். அவளையே கதாநாயகியாக்கி, கதையில் அவள் பிள்ளையைச் சாகடித்தேன்.

அதைத் திருப்பி அனுப்பித் தாங்கள் எழுதினீர்கள்: "பறிகொடுத்த தாய் இப்படிப் பேசமாட்டாள். ஆண்பிள்ளையான தங்களுக்குப் பெண் மனம் பிடிபடவில்லை." எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நானே பெண்தான் என்று எழுத வழியில்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை.

அந்த மாதம் மாரியாயிக்குக் கடிதம் வந்திருந்தது. சித்திரையில் கங்காணி தோட்டத்துக்குக் கூட்டிவரும் ஆட்களோடு மகளை அனுப்புவதாக அண்ணன் எழுதியிருந்தான். நான் அதை மாற்றி வாசித்தேன்: வாந்திபேதியில் அங்கம்மா போய்விட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். மடியிலிருந்து ஒரு சின்னப் பாவாடையை எடுத்து விரித்தாள்.

"கொஞ்சம் நீளமா தைச்சிட்டேங்க. வளர்ற புள்ளையாச்சேன்னு." பிறகு, "இன்னொரு தரம் வாசிங்கம்மா" என்றாள்.

வாசித்தேன், ஒரு சொல் மாறாமல்.

அவள் சொன்னதை அப்படியே அத்தியாயத்தில் எழுதி அனுப்பினேன். தாங்கள் மெச்சியது அதைத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கமாட்டேன். மாரியாயி அடுத்த முறை கடைக்கு வரும்போது, அது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று சொல்லிச் சரிசெய்யத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் அவளை ஆற்றிலிருந்து தூக்கினார்கள். அவள் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம்.

சித்திரையில் அங்கம்மா வந்து சேர்ந்தாள். பத்து வயது. அம்மா காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வயிறாரச் சோறு போடுகிறேன், தலைவாரி விடுகிறேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மாமன் வந்து கூட்டிப்போகவேண்டும் என்று கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன், தபாலில் சேர்க்கவில்லை.

"மாமா பதில் போட்டாங்களா?" என்று தினமும் கேட்கிறாள்.

பதிலை இன்று காலைதான் எழுதி முடித்தேன். நாளை வாசித்துக் காட்டுவேன்.