பெருக்கல் குறி போட்ட ரன்வே

பதினாறு இல்ல மாப்ள, பதினேழு. மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை. சிலேட்டை அழிச்சுட்டுச் சரியா எழுதுங்க. அன்னிக்குக் காலையில வானம் சுத்தமா இருந்துச்சு. மேற்குக் காத்து, கொஞ்சம் பலமாவே அடிச்சுது. மலை உச்சியில மட்டும் ஒரு வெள்ளை மேகம் குந்தியிருந்துச்சு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து இதே சிலேட்டை உங்ககிட்ட நீட்டும்போது முதல்ல கேக்கப்போறது தேதியைத்தான். அதுலயே தப்பு விட்டா மத்ததை யார் நம்புவாங்க?

பெல்லை அழுத்த வேணாம். நர்ஸம்மாதான் என்னை உள்ள விட்டாங்க. பொண்டாட்டியோட அண்ணன்னு சொன்னேன், பொய்யில்லையே. இத்தனை நாள் மயக்கத்துல கிடந்து இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கார், கொஞ்சம் பேச்சுத்துணையா இருங்கன்னாங்க. தலைமாட்டுல கம்பி வெட்டுற கொறடு ஒண்ணு தொங்குதே, அது எதுக்குன்னும் அவங்கதான் சொன்னாங்க. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கறதால, வாந்தி வந்தா வாயைத் திறக்க முடியாம மூச்சடைச்சுப் போயிடுமாம். பக்கத்துல இருக்கறவங்க உடனே வெட்டணுமாம். இப்பப் பக்கத்துல இருக்கறது நான் ஒருத்தன்தான். அதனால பதட்டப்படாம, மூக்கால மூச்சு விட்டுக்கிட்டுக் கேளுங்க.

உங்க எஸ்டேட்டுக்கு என்னைப் பறந்து வரச் சொன்னதே நீங்கதான், மறந்துட்டீங்களா? கல்யாண விருந்துல, எல்லார் முன்னாடியும். பூச்சி மருந்து அடிக்கிற பிளேனுக்காகப் போட்ட ரன்வே சும்மா கிடக்கு மச்சான், லைசென்ஸ் வாங்கிட்டு வந்து இறங்குங்க, கட்டிப் பிடிச்சு வரவேற்கிறேன்னு சொன்னீங்க. மூக்குக்கண்ணாடி விக்கிறவனுக்குப் பறக்கிற ஆசையைப் பாருன்னு உங்க சிநேகிதங்க சிரிச்சாங்க. என் தங்கச்சி சிரிக்கல. அண்ணே, நீ இறங்குற அன்னிக்கு நான் ரன்வே ஓரத்துல நிப்பேன்னு சொன்னா.

லைசென்ஸ் வாங்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. கடைக்கு லீவு விட்ட நாள்லதான் பறக்க முடியும். கையில காசு இருந்தாத்தான் லீவு விட முடியும். அந்த ஆறு வருஷத்துக்குள்ள அவளோட போன் நின்னு போச்சு. ரோடு வழியா வந்தேன். கேட்ல நாயை அவுத்து விட்டாங்க. தொடையில தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா காட்டுறேன். போலீசுக்குப் போனேன். குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்னு தண்ணி கொடுத்து அனுப்பிச்சாங்க.

அவகிட்டேருந்து எனக்கு வந்ததெல்லாம் உடைஞ்ச கண்ணாடிங்கதான். அனுப்பினதும் நீங்களேதான். மச்சான் கடைன்னா ஓசியில ரிப்பேர் ஆகுமேன்னு கூரியர்ல போட்டீங்க. கஞ்சத்தனம் மனுஷனை எப்படிக் காட்டிக் கொடுக்குது பாருங்க. ஒரு பிரேமைக் கையில எடுத்தா அது எப்படி உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். கீழ விழுந்திருந்தா கண்ணாடியோட விளிம்புல சில்லு போயிருக்கும். தெரியாம மேல உட்கார்ந்திருந்தா ரெண்டு காலும் விரிஞ்சிருக்கும். முகத்துல மாட்டியிருக்கும்போது அறை விழுந்திருந்தா, மூக்குல படியுற தாங்கி உள்பக்கமா மடங்கியிருக்கும். அதுல தோலும் ஒட்டியிருக்கும். நீங்க கழுவித்தான் அனுப்பியிருந்தீங்க. ஆனா திருகாணி இடுக்கு வரைக்கும் யார் கழுவுவாங்க?

அதனாலதான் நான் பறக்கக் கத்துக்கிட்ட கிளப்போட பிளேனை எடுத்துட்டு வந்தேன். முதல் தடவை வந்தப்ப, ரன்வே நடுவுல வெள்ளைத் துணியில பெரிய பெருக்கல் குறி விரிச்சு வச்சிருந்தீங்க. மேலேருந்து பாக்குற எவனுக்கும் அதுக்கு ஒரே அர்த்தம்தான்: மூடியாச்சு, இறங்காதே. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் மாப்ள. ஆளில்லாத ரோட்டுலயும் சிவப்பு விளக்குக்கு நிக்கிறவன். ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்பிட்டேன். அந்த வாரமே ஒரு உடைஞ்ச கண்ணாடி வந்துச்சு. சரிபண்ணி அனுப்பினேன். ரெண்டாவது தடவை வந்தேன், அதே குறி. திரும்பினேன்; அந்த வாரமும் ஒரு கண்ணாடி. அப்பவும் எனக்கு உறைக்கல. மூணாவது தடவை நடு வழியில மழைமேகம் பிடிச்சு, பிளேனைத் துணி பிழியற மாதிரி முறுக்கி எடுத்துச்சு. தலை கூரையில மோதி ரத்தம் கண்ணுல வழியுது, அதைத் தொடைச்சுக்கிட்டே வந்து எட்டிப் பாக்கறேன், அதே குறி. திரும்பிட்டேன். அதுக்கப்புறம் வந்த பிரேம்ல கண்ணாடியே இல்ல. கீல்ல ஒரு கொத்து முடி, வேரோட சிக்கியிருந்துச்சு.

அன்னிக்குத்தான் கணக்கு புரிஞ்சுது. நான் வந்து வந்து திரும்பினதுக்கெல்லாம் அவ அடி வாங்கிட்டிருந்திருக்கா.

தலையை ஆட்டாதீங்க. தையல் பிரியும்.

பதினேழாம் தேதிக்கு வருவோம். குறி இருந்தாலும் இறங்கறதுன்னு முடிவு பண்ணித்தான் கிளம்பினேன். ஆனா அந்த வெள்ளையைப் பாத்ததும் கை தானா இன்ஜின் வேகத்தைக் கூட்டுற த்ராட்டிலைத் தள்ளுது, மேல போ, மேல போன்னு. பழகின கை, என் பேச்சைக் கேக்கல. அந்த நேரத்துல ரன்வேயில ஒரு புள்ளி நகருது. என் தங்கச்சி. இன்ஜின் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கா. துணியோட ஒரு முனையைப் பிடிச்சு இழுக்குறா, விழறா, எழுந்து மறுபடி இழுக்குறா. பெருக்கல் குறியில ஒரு கோடு போயிடுச்சு. மிச்சம் கிடந்தது ஒத்தைக் கோடு. ஒத்தைக் கோட்டைப் பாத்து இறங்காதேன்னு எந்தப் புத்தகத்துலயும் எழுதல. இறங்கினேன்.

நீங்க ஜீப்பை முதல்ல அவமேல விட்டீங்க. பம்பர்ல இடிபட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அவ வரப்புல போய் விழுந்ததை நான் தென்னை மர உயரத்துலேருந்து பாத்தேன். அப்புறம் ஜீப் என்னைப் பாத்துத் திரும்பிச்சு. என் சக்கரம் தரையில பட்டப்ப நீங்க நேர் எதிர்ல. இடது பக்கம் ஒடிச்சேன். வலது றெக்கை உங்க முன் கண்ணாடியைச் சீவிட்டுப் போச்சு. நீங்க குனிஞ்சீங்க. குனியாம இருந்திருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சுக்கே வேலையில்ல.

அப்புறம் இரும்புக் கம்பியோட இறங்கினீங்க. சுத்துற புரொப்பெல்லருக்கு ஒதுங்கி, றெக்கைக்குப் பின்னால சுத்தி வந்தீங்க. எவ்வளவு கோபத்துலயும் தன் தோலைப் பாத்துக்கிற நிதானம் உங்களுக்கு உண்டு. முதல் அடி ஜன்னலுக்கு. ரெண்டாவது என் தோளுக்கு. மூணாவதுக்குக் கையைக் குறுக்க நீட்டினேன். மணிக்கட்டு ஒடிஞ்ச சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. அப்புறம் கம்பியைக் கீழ போட்டுட்டு, ரெண்டு கையையும் உள்ள விட்டு என் கழுத்தைப் பிடிச்சீங்க. அப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? வாங்க மச்சான், கட்டிப் பிடிச்சு வரவேற்கிறேன்னு சொன்னேனில்லன்னீங்க. நல்ல ஞாபகசக்தி உங்களுக்கு. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது, நாக்கு வெளியில வருது, உங்க எச்சில் என் முகத்துல தெறிக்குது.

அதுக்கப்புறம் நடந்ததை நானே ஸ்டேஷனுக்குப் போய் இப்படி எழுதிக் கொடுத்துட்டேன்: பெல்ட்டை அவுத்து இறங்கினேன். அவர் கீழ போட்ட கம்பியை எடுத்தேன். தாடையில ஒண்ணு, காதுக்கு மேல ஒண்ணு அடிச்சேன். பயத்துல இல்ல, கோபத்துல அடிச்சேன். என் தங்கச்சி அப்போ வரப்புல நினைவில்லாமக் கிடந்தா. இவ்வளவுதான். காயம்பட்டவர் கண்ணு முழிச்சு என்ன சொல்றார்னு பாக்கணும், அதுவரைக்கும் ஊரைவிட்டுப் போகாதீங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார். நாளைக்கு நீங்களும் அதையே எழுதணும்.

எதுக்கு சிலேட்டைத் தட்டுறீங்க? சாக்பீஸை உடைக்காதீங்க, வேற இல்ல.

தெரியும் மாப்ள. நான் இறங்கவே இல்ல. பெல்ட் மாட்டினபடியேதான் கிடந்தேன். பின்னாடி வந்தது அவதான். நொண்டிக்கிட்டே வந்து உங்க கம்பியைத்தான் எடுத்தா. கண்ணாடி இல்லாம நாலடிக்கு மேல அவளுக்கு எல்லாம் புகை. மண்டைக்குக் குறிவச்சது தாடையில விழுந்துச்சு. அந்தக் கண்ணாடியை உடைச்சதாலதான் நீங்க இன்னிக்கு உயிரோட இருக்கீங்க. யாருன்னு திரும்பிப் பாத்தீங்க. பாத்ததும் அவளுக்கு இன்னும் பலம் வந்துச்சு. ரெண்டாவது அடி காதுக்கு மேல.

இன்ஸ்பெக்டர்கிட்ட அதை எழுதணும்னா தாராளமா எழுதுங்க, நான் கையைப் பிடிக்கல. பொண்டாட்டி கையால தாடை பேந்து போச்சுன்னு எழுதுங்க. உங்க கேட்ல நிக்கிறவன் படிக்கட்டும். கூலிக்கு வர்றவங்க படிக்கட்டும். விருந்துல சிரிச்ச உங்க சிநேகிதங்க படிக்கட்டும். மச்சான் அடிச்சார்னா அது சண்டை. ஆம்பளைங்களுக்குள்ள நடந்ததுன்னு முடிஞ்சு போயிடும். பொண்டாட்டி அடிச்சான்னா அது கதை. உங்க சாவு வீட்டுலயும் சொல்லிச் சிரிப்பாங்க.

யோசிங்க. அவசரமில்ல, நான் உட்கார்ந்திருக்கேன்.

மச்சான்னு எழுதிட்டீங்களா, சரி. எழுத்து கோணலா இருந்தாலும் படிக்க முடியுது. நாளைக்கும் இதே வார்த்தைதான்.

அவளா? கேளுங்க, சொல்றேன். அன்னிக்கு அவ தானே ஏறி உட்கார்ந்தா. நான் ஒத்தைக் கையால பிளேனைக் கிளப்பினேன். சட்டைப் பையில அவளுக்காகப் புதுக் கண்ணாடி வச்சிருந்தேன்; எடுத்து மாட்டிக்கிட்டா. கீழ பாத்து, அசையுதான்னு கேட்டா. அசையுறார்னேன். சரின்னா. வழியில வேற பேச்சில்ல. கிளப்ல இறங்கினோம். அவளை டாக்டர்கிட்ட விட்டுட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க, பிளேனைப் பூட்டி சீல் வச்சுட்டாங்க. எனக்கு ஜெயில் நிச்சயம்னு வக்கீல் சொல்லிட்டார். கடையை வேற ஒருத்தருக்கு விட்டாச்சு. அவ கோல் ஊன்றி நடக்கறா. போன வாரம் ஊரைவிட்டே போயிட்டா. எங்கன்னு எனக்கும் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன், உள்ள போட்டு யாராவது உதைச்சுக் கேட்டா உளறிடக் கூடாதே.