போடாத ஊசிக்கு ஒரு பாராட்டு

தையல் இயந்திரங்களின் பேரிரைச்சலை ஒரு மாலைப்பொழுது நிறுத்திவைத்து, இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! மேடைக்கு அழகு சேர்க்கும் பெரியோர்களே! கழுத்தில் தொங்கும் அளவுநாடாவைக் கழற்றக்கூட நேரமின்றி ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! மனைவிக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு பின்வரிசையில் பதுங்கியிருக்கும் அண்ணன்மார்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, "எனக்கு எதுக்கும்மா விழா" என்று மறுத்து மறுத்துக் கடைசியில் இழுத்துவரப்பட்டிருக்கும் நம் நர்ஸம்மா அவர்களே! உங்கள் சங்கச் செயலாளரின் அன்பு வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரைப் பாராட்ட வந்தவர்கள் அவர் செய்ததைச் சொல்வார்கள். நான் அவர் செய்யாததைச் சொல்ல வந்திருக்கிறேன். அவர் போட மறுத்த ஓர் ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எந்த ஊசி? கருத்தடை ஊசி. ஏன் தலை குனிகிறீர்கள்? பிள்ளை பெற வெட்கப்படாத நாம், பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி விடவா வெட்கப்பட வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தவறாமல் போட்டுக்கொண்டால் நம்பி இருக்கலாம். ஆனால் நர்ஸம்மா அதன் பெருமையிலிருந்து தொடங்க மாட்டார். "முதல்ல மாதவிலக்கு கண்டபடி வரும். அப்புறம் வராமலே போகலாம். எடை ஏறலாம், தலைவலி வரலாம். எலும்பு கொஞ்சம் வலு குறையும், நிறுத்தினா பெரும்பாலும் தேறிடும். நிறுத்தின கையோட குழந்தை தங்காது, ஒரு வருஷம்கூட ஆகலாம். நோய்த்தொற்றை இது தடுக்காது. சம்மதம்னா சட்டைக் கையை மடி" என்பார். இவர் கல்யாணத் தரகராகப் போயிருந்தால் ஒரு மாப்பிள்ளையும் கரையேறியிருக்க மாட்டான்.

ஆனாலும் அவர் அறை வாசலில் வரிசை குறைந்ததா? குறையவில்லை. முன்கூட்டியே சொன்னது பின்னால் வந்தபோது பெரும்பாலும் யாரும் பதறவில்லை. மாதவிலக்கு நின்றதும் "ரத்தம் உள்ளேயே கட்டிக்கிடக்குமோ" என்று பயந்த ஒருத்தியிடம், "உள்ள சேர்றதுக்கே ஒண்ணும் உருவாகல, அதான் வெளிய வரல" என்றார். பயம் அங்கேயே போயிற்று. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்துவிடும், தொடாதே என்று சொல்லி அனுப்பியும், பாசம் மிகுந்து மனைவிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த கணவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். பின்வரிசைக்காரர்களே, நீங்களாகச் சிரித்துக் காட்டிக்கொடுத்தால் நான் பொறுப்பல்ல.

இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். கழுத்துப்பட்டி தைக்கும் வரிசையில் ஒரு தங்கை. இரண்டு பிள்ளைகளின் தாய். மாதவிலக்கு முடிந்த பின்னும் விட்டுவிட்டு ரத்தம் போனது. முகம் வெளுத்து, எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தாள். பக்கத்து மெஷின் அக்காமார்கள் கூடி யோசனை சொன்னார்கள். "ஊசி போட்டதும் எங்களுக்கு நின்னுடுச்சுல்ல, நீயும் போட்டுக்கோடி, உனக்கும் நின்னுடும்." அன்பில் பிறந்த யோசனைதான். ஆனால் எவ்வளவு ஆபத்தான அன்பு அது!

கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். நர்ஸம்மா கேட்டார், பார்த்தார், ஊசியை எடுக்கவே இல்லை. "எதனால வருதுன்னு தெரியாம நான் போட மாட்டேன்."

வரிசையே கொதித்தது. "எங்களுக்கெல்லாம் போட்டீங்க, அவளுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?" புகார் மேலாளர் மேசைக்குப் போனது. ஐயா அழைத்து, "ஒரு ஊசிதானே, போட்டு அனுப்புங்களேன்" என்றார். சிரிக்கிறீர்கள் ஐயா, உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நர்ஸம்மா என்ன பதில் சொன்னார் தெரியுமா? "மெஷின்ல புதுசா சத்தம் வந்தா மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்களா, காதுல பஞ்சை வச்சுக்குவீங்களா?"

விடுப்பு நாளில் தானே அந்தத் தங்கையைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். கருப்பை வாயில் புற்றுநோய். ஆரம்ப நிலை. அறுத்து எடுத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே. அன்று ஊசி போட்டிருந்தால் ரத்தம் நின்றிருக்கலாம். நோய் நின்றிருக்குமா? அக்காமார்கள் மகிழ்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள்?

சேதி பரவியதும், "அப்போ ஊசியே வேண்டாம்" என்று சிலர் ஓடினார்கள். அவர்களையும் உட்காரவைத்து, "அவளுக்கு வேண்டாம்னேன், ஊசியே கெட்டதுன்னு சொல்லலையே" என்று மறுபடி கேள்வி கேட்டு, பொருந்தியவர்களுக்குப் போட்டார். மறுத்த கையும் அதே கை, கொடுத்த கையும் அதே கை. அந்தக் கையைத்தான் நான் வணங்குகிறேன்.

நர்ஸம்மா, நாங்கள் அணிவித்த இந்தப் புதிய மேல்கோட்டு யார் தைத்தது என்று கேட்டீர்கள். நாங்கள் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பாருங்கள். தைத்தவள் மூன்றாம் வரிசையில், இரு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்திரும்மா தங்கச்சி. எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, எங்கள் நர்ஸம்மாவின் கரங்களுக்கு என் வணக்கத்தை வைத்து அமர்கிறேன்.