பாறைச்செடிக்கு வைத்த பெயர்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். தாவரவியல் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்ததில் மாணவர்கள் என்னைப் பற்றி ஒருமனதாகச் சொன்ன நல்ல விஷயம் அது ஒன்றுதான். அதனால், ஜெய்சன், நூற்றாண்டு மலருக்கு நீ கேட்ட கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுக்காமல் கையாலேயே எழுதுகிறேன். "நம்ம துறையோட சாதனைய ரெண்டு பக்கத்துல எழுதித் தாங்க சார்" என்று கேட்டாய். என்னிடம் படித்தவன், இப்போது என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாய். மறுக்க மனம் வரவில்லை. நூறு வருஷத்தில் நம் துறைக்குச் சாதனை என்று ஒன்றுதான் உண்டு. அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எதை அச்சிடுவது, எதை விடுவது என்பது உன் பாடு.

பாபநாசத்துக்கு மேலே ஆறு பாறைகளுக்கிடையே இறங்கி வரும் இடத்தில் ஒரு செடி இருக்கிறது. பார்ப்பவர்கள் பாசி என்றுதான் சொல்வார்கள். வருஷம் பூராவும் தண்ணீருக்கடியில் பாறையை ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வற்றும்போது நாலைந்து நாள் மட்டும் பூக்கும், கடுகில் பாதி அளவுக்கு. அந்த வகைச் செடிகளை ஆராய்ந்துதான் நான் 1974-ல் டாக்டர் பட்டம் வாங்கினேன். எங்கே கருத்தரங்கு நடந்தாலும், ஆற்றுப் பாறைச்செடி என்றால் திருநெல்வேலி ஜெயராமைக் கேளுங்கள் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

முப்பிடாதி 1991-ல் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். விக்கிரமசிங்கபுரத்துப் பையன். மில் தொழிலாளியான அப்பா அவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். உழைப்பாளி. நான் எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அவன் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இதைப் படித்து முடித்தபின் நீ நம்பமாட்டாய், ஆனாலும் இருந்தது.

1994 தை மாதம் ஒரு மத்தியானம் என் மேஜையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தான். செடியைக் காயவைத்து ஒட்டி, மூலையில் பெயரும் ஊரும் தேதியும் எழுதி நாம் பாதுகாத்து வைக்கிறோமே, அந்தத் தாள்கள். ஒன்று அவன் சேகரித்தது. மற்றது என் கையெழுத்தில், இருபது வருஷத்துக்கு முந்தையது.

"சார், ரெண்டும் ஒரே செடிதாம். ஆனா நீங்க எழுதியிருக்க பேரு இதுக்கு இல்ல சார். அதுக்குக் காய்ல எட்டு வரி இருக்கணும். இதுல ஆறுதாம் இருக்கு. இதுக்கு உலகத்துல யாரும் இன்னும் பேரே வைக்கல."

நான் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்லா சார்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியாட்கள் படிப்பார்கள் என்பதற்காக ஒன்றை விளக்கவேண்டும். ஒரு செடிக்குப் புதுப்பெயர் வைத்துக் கட்டுரை எழுதும்போது, அதை முன்பு யார் யார் எப்படித் தவறாக இனங்கண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவது வழக்கம். 'ஜெயராம், 1974, தவறு' என்று அரை வரி. அந்த அரை வரி உலகத்து நூலகங்களில் எல்லாம் கிடக்கும். இருபது வருஷம் அந்தப் பாறைகள் மேலேயே நடந்தேன், கையில் எடுத்தேன், ஒட்டினேன், அழகாகப் பெயரும் எழுதினேன். காயில் வரிகளை எண்ணவில்லை. எண்ணியவன் மூன்று வருஷம் முன்னால் வந்த பையன்.

பூவோடு கிடைத்தால்தான் கட்டுரை செல்லும் என்று அவனைப் பொறுக்கச் சொன்னேன். அது உண்மைதான். மாசிக் கடைசியில் வாய்ப்பு வந்தது. மேலே மின்சார நிலையத்தில் பழுது பார்ப்பதற்காக ஒரு நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். அங்கே உதவிப் பொறியாளராக இருந்த உமர் பாரூக் நம் கல்லூரியின் பழைய மாணவன்; புகுமுக வகுப்பில் அவனுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். முந்தின நாளே போனில் சொன்னான்: "சாயங்காலம் நாலு மணிக்குத்தாம் தண்ணி விடுவோம் சார். பைய வேலைய முடிச்சிட்டு ஏறுங்க." அதை முப்பிடாதியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். முப்பிடாதி டீக்கடைக்குப் போனான். பாரூக் ஜீப்பில் வந்து என் பக்கத்தில் நிறுத்தினான்.

"சார், வேல வெரசா முடிஞ்சிட்டு. ரெண்டு மணிக்கே தொறக்கச் சொல்லியிருக்காங்க. ஒன்றரைக்கெல்லாம் மேல ஏறிருங்க, என்ன?"

சரி என்றேன். ஜீப் போய்விட்டது. முப்பிடாதி இரண்டு கையிலும் டீயோடு வந்தான். எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லியிருந்தான். நான் டீயைக் குடித்தேன்.

அப்போது நான் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதை நீ நம்பவேண்டும். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். பதினொரு மணிக்கும் அப்படித்தான் இருந்தேன். ஆற்றில் வேலை நன்றாக நடந்தது. பாறை பாறையாகத் தாண்டி அவன் நடு ஆற்றுக்குப் போய்விட்டான். அங்கேதான் பூ நிறைய இருந்தது. ஒன்றேகாலுக்கு நான் கரையேறி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். புளியோதரை.

தண்ணீர் விடும்போது சங்கு ஊதுவார்கள். அந்த வளைவில் அது கேட்காது. எனக்குத் தெரியும்.

ஒன்று நாற்பது இருக்கும். அவன் குனிந்தபடியே கத்தினான்: "சார், நேரம் இருக்குல்லா?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அவனைத் தள்ளவில்லை. கை நீட்டிக்கூடத் தொடவில்லை. தண்ணீர் வந்தபோது அவன் நிமிர்ந்து, தண்ணீரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். மூன்றாம் நாள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிடைத்தான்.

விசாரணையில் நான் நாலு மணி என்றே கேட்டதாகச் சொன்னேன். பாரூக் இரண்டு என்று நேரில் சொன்னதாகச் சொன்னான். சாட்சி யாரும் இல்லை. துறைத்தலைவர் பேச்சு ஒரு பக்கம், முப்பத்துமூன்று வயசுப் பொறியாளர் பேச்சு ஒரு பக்கம். அவனைச் சஸ்பெண்ட் செய்து, பிறகு வடக்கே எங்கோ மாற்றினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஐந்து வருஷமாக நிற்கிறது. போன வருஷம் டவுணில் ரதவீதியில் பாரூக்கைப் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டிவிட்டது. "சார், நாந்தாம் வாய் தவறி நாலுன்னு சொல்லிட்டனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று தேற்றி அனுப்பினேன்.

அந்த வருஷமே கட்டுரையை நான் எழுதினேன். என் பழைய தாளைத் துறையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்து அடுப்பில் போட்டேன். ஒரு தாவரவியல்காரன் செய்யக்கூடாத காரியம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செடிக்கு முப்பிடாதியின் பெயரை வைத்தேன். கல்லூரியே கண்கலங்கியது. பிரின்சிபால் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். இப்போதும் உன் அறைக்கு வெளியே தொங்குகிறது.

ஆண்டுத் திதி முடிந்த வாரம் அவன் அம்மா தச்சநல்லூரில் என் வீடு தேடி வந்தாள். அச்சான பக்கத்தைக் காட்டினேன். "இங்கனயா சாமி எம்புள்ள பேரு இருக்கு?" என்று கேட்டு, நான் காட்டிய எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் காலில் விழுந்தாள். போகும்போது, வீட்டில் கிடந்த அவன் காகிதங்கள் என்று ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் அவன் எழுதி வைத்த கட்டுரையின் நகல் இருந்தது. நம் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு: கண்டுபிடித்தவன் செடிக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்ளமாட்டான். அவன் என் பெயரை வைத்திருந்தான். 'இச்செடியை முதன்முதலில் 1974-ல் சேகரித்த என் பேராசிரியருக்கு' என்று கீழே எழுதியிருந்தான். தவறு என்ற சொல்லைத் தேடினேன். மூன்று தடவை படித்தேன். எங்கேயும் இல்லை.

அன்று ராத்திரி முழுக்க அழுதேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் மனசு தெளிந்தது. என்றைக்கும் அழியாமல் என் பெயர் நிற்கவேண்டிய இடம் அது. அதை நான் அவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். எத்தனை பேராசிரியர்கள் ஒரு மாணவனுக்கு இதைச் செய்வார்கள்? மலரில் இடம் போதாது என்றால், ஜெய்சன், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டுமாவது போடு.