ஏட்டையாவின் கையும் என் கையும்

பெயர் ராமர், வயது 41, த/பெ. சின்னாண்டி, தொழில் ஆட்டு வியாபாரம். அய்யலூரில் சந்தைக்குப் பின்புறம் குடியிருந்து வருகிறேன்.

அடுத்தவர் ஆடு இரண்டைச் சந்தையில் விற்றதாக வியாழக்கிழமை கைது செய்யப்பட்டேன். மறுநாள் காலை சுமார் எட்டரை மணிக்குத் தலைமைக் காவலர் ஜெரோமும் பெண் காவலர் ஆனந்தியும் என்னைத் தனியார் பேருந்தில் திண்டுக்கல் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஏட்டையா என்று நான் கூறுவது ஜெரோம் அவர்களையே. எனது வலது கையும் அவரது இடது கையும் ஒரே விலங்கில் பூட்டப்பட்டிருந்தன. ஏட்டையா தொலைத்துவிடுவார் என்று கூறி, சாவியை ஆனந்தி வைத்துக்கொண்டார்.

புறப்பட்டதிலிருந்தே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சுகர் மாத்திரை போட்டிருப்பதால் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று ஏட்டையா கூறினார்.

"கைதியோட போறப்ப சாப்பிடக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு ஏட்டையா."

"ரூல்ஸ் எழுதுனவன் சாப்ட்டுட்டுத்தாம்மா எழுதிருப்பான்."

சிறிது நேரத்தில் ஏட்டையாவுக்குச் சட்டை நனையும்படி வியர்த்தது. அவர் கை நடுங்கியதால் என் கையும் நடுங்கியது. அதைப் பார்த்த ஆனந்தி, வடமதுரையில் வண்டி நின்றதும் வடை வாங்கி வருவதாகக் கூறி இறங்கினார். அவர் திரும்புவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஏட்டையா அரை மயக்கத்தில் இருந்ததால் நான்தான் கத்தினேன். கைதி சொல்லி வண்டி நிற்காது என்று கண்டக்டர் கூறினார்.

அதன் பிறகு சுமார் ஐந்து நிமிடத்தில் ஏட்டையா என் மடியில் சரிந்தார். பேச்சில்லை. அவர் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"மேடம், ராமர் பேசுறேன்."

"ஏலே, அவர் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு? அவர என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல மேடம். கண்ணு சொருகிருச்சு."

"செத்த நேரம் பொறுக்கச் சொல்லுடா, வடை வாங்கிட்டேன்" என்று கூறி ஆனந்தி அழுதார்.

நான் போலீஸை அடித்துவிட்டதாக நினைத்துப் பயணிகள் கூச்சல் போட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். டிரைவர் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பின்னர் எங்கும் நிறுத்தாமல் ஒரு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் ஏட்டையாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாட்ச்மேன் என் முதுகில் கம்பால் இரண்டு அடி அடித்தார். ஏட்டையாவைக் கீழே போட முடியாததால் நான் கையெடுத்துக் கும்பிடவில்லை.

சர்க்கரை மிகவும் இறங்கியிருப்பதாகக் கூறி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். நான் கட்டிலோடு குனிந்தபடியே நின்றேன். சுமார் அரை மணி நேரம் கழித்து, போனில் இடம் கேட்டுக்கொண்டு ஆனந்தி ஓடிவந்து விலங்கைத் திறந்துவிட்டு, ஏட்டையாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். என்னை யாரும் பிடிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. அவர் பிழைத்தாரா என்று தெரியாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஏட்டையா கண் விழித்து, முதலில் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஆனந்தி, பய ஓடிட்டானா?"

"இங்கதான் நிக்கிறேன்யா" என்று நான் கூறினேன். ஆனந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஏட்டையாவைத் தாக்கித் தப்ப முயன்றதாக வாட்ச்மேன் கொடுத்த புகார் உண்மையல்ல. நடந்ததை நடந்தபடியே கூறியுள்ளேன். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. வலது மணிக்கட்டு வீங்கிப் பேனா பிடிக்க முடியாததால், கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இ.பெ.ரே.) ராமர்