ஈர வலை

— முடிஞ்ச கேஸ இன்னாத்துக்குடி நோண்டிக்கினு கீறே, கன்னியம்மா? எறாவ கெளறி வுடு. காக்கா வருது பாரு.

— முடியல செண்பகம். நாம தப்பான ஆள புடிச்சிட்டோம்.

— நாமளா? கோயில் உண்டியல் சாவிய கண்டுபுடிச்சது ஆரு? முத்தம்மாக்கா கோழிய எவன் துன்னான்னு எறக வெச்சே சொன்னது ஆரு? பழவேற்காடே நம்மள ‘பொட்டச்சி போலீசு’ன்னு கூப்புடுது.

— அந்தப் பேரக் கேட்டாலே இப்ப ஒடம்பு கூசுது.

— மீஞ்சூர் டேஷன்ல வாங்கின துப்பறியும் பொஸ்தகத்த ஆளுக்குப் பாதியா கிழிச்சிப் படிச்சவங்க நாம. நமக்கு தப்பாது.

— பின்பாதிய எப்பவும் நீதான எடுத்துப்பே. திருடன் ஆருன்னு மொதல்ல தெரிஞ்சிக்கிறது நீ.

— அதான் சொல்றேன், கேளு. அன்னிக்கி பாடு பூவராகவன் மாமாவுது. ஏரியில அந்த எடத்துல அன்னிக்கி அவரு ஊட்டு வல மட்டுந்தான் எறங்கலாம். அவரு போறதுக்குள்ள எவனோ விடிகாலைல பூந்து எறாவ வாரிக்கினு பூட்டான். நாம தேடிக்கினு போனோம். தேசப்பன் படவுல ஈர வல. இன்னும் இன்னா வோணும்?

— அந்த வலையோட மெதப்புக் கட்டைங்க. ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒரு பெயிண்டு. தேசப்பன் ஊட்டுது செகப்பு. இதுல கட்டைங்க மொட்டையா இருந்துச்சு. ஆரோ கத்தியால சீவிக்கீறாங்க.

— அவனே சீவியிருப்பான், அடையாளம் தெரியக் கூடாதுன்னு.

— சீவினவன் வலைய தன் படவுலயே போட்டு வெச்சிக்கினு இருப்பானா?

— இத்த பஞ்சாயத்துல சொல்றதுக்கு இன்னா? அப்ப வாயில கொழுக்கட்டையா?

— கொழுக்கட்டதான். ‘வல ஈரமா இருந்துச்சா பொண்ணே’ன்னு பெரியவங்க கேட்டாங்க. தலைய ஆட்டிட்டு ஒக்காந்துட்டேன். தேசப்பன் என்னை ஒரேவாட்டி பாத்துச்சு. அப்பறம் தரையப் பாத்துக்கினே நின்னுச்சு.

— ‘விடிகாலைல எங்கடா இருந்தே’ன்னு எங்க அண்ணன் திருமலை தொண்ட கிழிய கேட்டுச்சே, அதுக்கு அவன் பதில் சொன்னானா? தப்பு பண்ணாதவன் எதுக்கு ஊமையாட்டம் நிக்கணும்?

— சொன்னா என் பேரு கெட்டுடும்னு.

— இன்னா சொன்னே?

— என் கூட இருந்துச்சு. தீவாண்ட பூநாரைங்க எறங்கிக்கீதுன்னு சொல்லிச்சு. நான்தான் இட்டுக்கினு போகச் சொன்னேன். படவுல அது அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. வேர்க்கடல துன்னோம். அவ்ளோதான் செண்பகம், கங்கம்மா மேல சத்தியம்.

— அய்யே, எங்கிட்ட சத்தியம் இன்னாத்துக்கு? எளாவூர்ல மாப்ள பேசி வெச்சிக்கீறாரு உங்க நைனா. இது தெரிஞ்சா உன்னை வெட்டிப் போட்டுருவாரு.

— அதுக்கு பயந்துக்கினுதான் தலைய ஆட்டினேன். நான் துப்பு தேடப் போனவளாம்! கூட இருந்தவளே நான்தான். பொம்பளைங்க நடுவுல ஒக்காந்துக்கினு, அது தல குனியறத வேடிக்க பாத்தேன்.

— சாயங்காலம் வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு இரு. ஒரு வருசம் அவன் ஊட்டுக்கு பாடு கெடையாது, அவ்ளோதானே? கும்முடிப்பூண்டியில புதுசா கம்பெனி கட்றாங்க. மூட்ட தூக்கி பொழச்சிப்பான்.

— சாயங்காலம் ஊரு பாக்க கோயில் வாசல்ல தன் வலைய வெச்சிட்டு வுழுந்து கும்புடணும். அதோட அம்மா தாயாரம்மா காலையிலேர்ந்து அந்த வலைய அலசிக்கினு கீறாங்க. ‘குடுக்கிற வலையாச்சும் சுத்தமா இருக்கட்டும்’னு சொன்னாங்க. என்னைத்தான் கூப்ட்டாங்க, ஒரு முனைய புடிச்சிக்கோ கண்ணுன்னு.

— புடிச்சியா?

— புடிச்சேன். போதும்டி. நான் போயி சொல்லிர்றேன்.

— ஏய், ஒக்காரு! சொன்னா ஊரே உன் மூஞ்சில துப்பும். அப்பவும் கேப்பாங்க, அப்ப திருடன் ஆருன்னு.

— அத்த கண்டுபுடிக்கலாம். கட்டைய சீவினா சீவல் எங்கனா கெடக்கும் இல்ல? பெயிண்ட பாத்தா ஊடு தெரிஞ்சிரும். நீயும் வா, கரையோரமா தேடலாம். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

— தேடாத.

— ஒரேவாட்டி செண்பகம். எனக்காக.

— தேடாத கன்னி. அது பச்ச. அன்னிக்கே அடுப்புல போட்டு எரிச்சிட்டேன்.

— பச்ச உங்க ஊட்டு பெயிண்டாச்சேடி.

— அண்ணன் வல. வெடியறப்ப மூஞ்சி வெளுத்துப் போயி கரையேறி வந்துச்சு. அண்ணி புள்ளத்தாச்சி. பாடு போனா நாங்க இன்னாத்த துன்றது? அது கையிலேர்ந்து வலைய நான்தான் வாங்கினேன். நான்தான் சீவினேன்.

— கரையில எத்தினி படவு கெடக்குது. தேசப்பன் படவுதான் கெடச்சுதாடி உனக்கு?

— நீங்க ரெண்டு பேரும் அதுலேர்ந்து எறங்கி வந்தத பாத்தேன். அவன் வாயத் தொறக்க மாட்டான்னு தெரிஞ்சிதான் போட்டேன்.