ஏழாம் வரி

கண்ணாடி போடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. நான் நாற்பது வயதிலிருந்து போடுகிறேன். ஒகாரு தலைவரும் போட்டிருந்தால் இந்த விசாரணைக்கே தேவை வந்திராது.

அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை ஊரொன்றின் தலைவர். அவருடைய பூட்டனாரின் செங்கோலைப் பிரிட்டிஷ் படை எடுத்து வந்தது. நான் வேலை பார்க்கும் லண்டன் அருங்காட்சியகத்தில் அது இருந்தது. அதைக் கொண்டுபோக வந்தார். குடை பிடிக்க ஒருவர், அவருக்காகப் பேச ஒருவர்.

"உங்கட ராசா மழையில்லாமலும் குடையோடயே வந்தவர்?" என்று என் மனைவி துஷ்யா கேட்டாள்.

"ஓம். லிஃப்டுக்குள்ளயும் மடக்கேல்லை."

"பாவம். தன்ர சாமானை வாங்க உங்களிட்டயெல்லே வந்து நிக்கிறார்."

நாங்கள் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. இரவல் கொடுக்கிறோம், மூன்று வருடத்துக்கு. பொருளை வாங்குபவர் கையெழுத்திடும் படிவத்தின் ஏழாம் வரி அதைச் சொல்கிறது.

முதல் நாள் தேநீரின்போது பேசுபவர் சொன்னார்: "எங்கள் தலைவர் எதையும் இரவல் வாங்குவதில்லை. வாங்கிய அன்றே இருக்கை போய்விடும்." தலைவர் கையெழுத்திடும் காகிதத்தைப் பேசுபவர் தொடக்கூடாது என்பதும் அவர்கள் முறை. இன்னொன்றை நானே கவனித்தேன். தலைவர் தனியே இருக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டார். ஆள் வந்ததும் சட்டைப் பைக்குள் மறைத்தார். கண் மங்கிய தலைவர் அவர்களுக்கு ஆகாது.

எம்.ஏ.யில் என் ஆய்வு, ஆப்பிரிக்க நாவல்களில் வீழும் தலைவர்கள் பற்றியது. எல்லாவற்றிலும் இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன்தான் கெடுப்பான். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

கையெழுத்து நாளில் கமராக்கள் வந்திருந்தன. என் பதவி உயர்வும் அந்த விழாவில்தான் தங்கியிருந்தது. வாசித்துக் காட்டட்டுமா என்று பணிவாகக் கேட்டேன். தலையசைத்தார். ஆறாம் வரியை வாசித்தேன். பிறகு எட்டாம் வரியை வாசித்தேன்.

இதை நான் குரோய்டனில் ஒரு வக்கீல் கந்தோரில் கற்றேன். அகதியாக வந்த புதிது. அகதி மனுவுக்குக் கதை சொன்னபோது, கொழும்பில் ஆறு மாதம் ஆபத்தில்லாமல் சுகமாக இருந்ததையும் சொன்னேன். மொழிபெயர்த்த சிவானந்தன் அண்ணை அதை எழுதவில்லை. "அது உமக்கு வேண்டாம் தம்பி. சைன் வையும்," என்றார். வைத்தேன். விசா கிடைத்தது. ஒரு வரியை விடுவது உதவி என்றுதான் எனக்குத் தெரியும்.

மீதியைப் பேசுபவர் கடிதத்தில் எழுதியிருந்தார். 'இரவல்' என்ற எங்கள் அறிக்கை விமானத்துக்கு முன்பே அவர்கள் வானொலிக்குப் போய்விட்டது. ஊர் கூடியிருந்தது, மேளம் இல்லை. வாசித்துக் காட்டியபோது அந்த வரி இல்லை என்றார் தலைவர். நீங்கள் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் கண்ணாடியை வெளியே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. குடையைப் பறித்தார்கள். அடுத்த மாதம் ஆற்றில் இறங்கினார். கரையில் கண்ணாடி இருந்தது, உறையோடு.

தவணை முடிந்ததும் நினைவூட்டல் கடிதத்தை அவர் பெயருக்கே அனுப்பினேன். படிவத்தில் வேறு பெயர் இல்லை. செங்கோல் வந்துவிட்டது. ஒரு கீறலும் இல்லை.

ஏழாம் வரியை வாசித்திருந்தால் வெறுங்கையோடு போயிருப்பார். தலைவராக, உயிரோடு, ஆனால் வெறுங்கையோடு. அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றினேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். நன்றி, வேண்டாம். இப்படிக் கொடுங்கள். நானே வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.